14ஆ, 15ஆ? ‘பெயரல்ல, சண்டையின் அமைப்பே’ அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

பல இண்டி கேம்களின், அதாவது சிறு சுயேச்சைக் குழுக்கள் உருவாக்கும் வீடியோ கேம்களின், நாயகர்களை ஒரே களத்தில் மோதவிடுகிற சண்டை கேமை நிலைக்க வைப்பது பாத்திரங்களின் பெயரா, சண்டையின் அமைப்பா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி ஷவல் நைட், ஓரி, ஆக்டோடாட், கமாண்டர் வீடியோ என்று இண்டி நாயகர்களின் பட்டியல் ஒன்றை வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல். “பெயருக்கே இவ்வளவு என்றால் கேமுக்கு எவ்வளவு!” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, நடுவர் அவர்களே. அந்தப் பட்டியலில் இருந்தே ஒருவரைக் களத்தில் இறக்கிப் பார்ப்போம்.

வெல்டாரோ. 2015-ல் வந்த டவுன்வெல் கேமின் நாயகன். கிணற்றுக்குள் விழுந்துகொண்டே இருப்பான். குதிப்பான், பூட்ஸில் இருந்து கீழே சுடுவான், எதிரி தலையில் மிதிப்பான். அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். இப்போது அவனை ஒரு பிளாட்ஃபார்ம் ஃபைட்டரில் சேர்க்கிறோம். அடிவாங்க வாங்கச் சேத சதவீதம் ஏறும், சதவீதம் ஏற ஏற அடி அதிக தூரம் தள்ளும், எல்லைக்கு வெளியே பறந்தால் ஒரு உயிர் போகும். அந்த வகை சண்டை. இதில் ஒரு பாத்திரத்துக்கு எத்தனை மூவ், அதாவது அடிக்கும் அசைவு, வேண்டும்? சாதாரணக் குத்து 1, திசைக் குத்துகள் 3, ஓடிவந்து அடிப்பது 1, பலமான அடிகள் 3, காற்றில் அடிப்பவை 5, சிறப்பு மூவ்கள் 4. ஆக 17. பிடித்து வீசுவதும் இருந்தால், பிடி ஒன்று, வீச்சு நான்கு. மொத்தம் 22. வெல்டாரோவின் பெயர் கையோடு கொண்டுவந்தது மூன்று. மீதியை எங்கிருந்து எடுப்பது? பெயரில் இருந்தா?

சரி, இருக்கிற மூன்றுமாவது அப்படியே உதவுமா? கீழே சுடுகிற பூட்ஸ் அவனுடைய அடையாளம். சுடும்போது உடம்பு கொஞ்சம் மேலே தூக்கும். கிணற்றுக்குள் அது அழகு. இங்கே எதிராளி மேடைக்கு வெளியே விழுந்து, கீழிருந்து ஏறி வர முயல்கிறான். வெல்டாரோ அவன் தலைக்கு மேலே சுட்டுக்கொண்டே மிதக்கிறான். ஒவ்வொரு குண்டும் எதிராளியைத் தடுக்கிறது, அதே குண்டு இவனைத் தாங்குகிறது. ஏறி வர வழியே இல்லை, ஆட்டம் முடிந்தது. சரிசெய்ய என்ன செய்ய வேண்டும்? குண்டு எண்ணிக்கைக்கு வரம்பு வைக்க வேண்டும். தரையைத் தொட்டாலோ யாரையாவது மிதித்தாலோதான் மறுபடி நிரம்ப வேண்டும். மூலக் கேமிலும் அதுவேதான் விதி. அது போதாது. இரண்டாவது குண்டில் இருந்து தூக்கும் உயரம் குறைய வேண்டும், அடிவாங்கிய எதிராளி அசைய முடியாமல் உறைகிற நேரமும் குறைய வேண்டும். ரசிகர் “ஆகா, நம்ம வெல்டாரோ!” என்று சொல்வது இந்த எண்கள் சரியாக விழுந்த பிறகுதான். அதுவரை அது வெல்டாரோவின் சட்டை போட்ட பொம்மை.

இன்னொருவரைத் தொட்டுவிட்டு நகர்கிறேன். 2010-ல் வந்த, ஆறு ‘வி’ எழுத்தையே பெயராகக் கொண்ட கேமின் கேப்டன் விரிடியனுக்குக் குதிக்கவே தெரியாது, ஈர்ப்புவிசையைத் தலைகீழாக்குவார். கூரை இல்லாத மேடையில் அதைச் செய்தால் நேராக மேல் எல்லையைத் தாண்டிப் போய்த் தானே சாவார். கால வரம்பு வைக்காவிட்டால் அவருக்கு எதிராளியே தேவையில்லை!

அடுத்து, எதிரணி நண்பர் ஒருவர் கிண்டலாகக் கேட்டார்: “பிரேம் கணக்கு யாருக்கு வேண்டும்? பரீட்சையா எழுதுகிறோம்?” பரீட்சைதான் ஐயா. திரையில் வரும் ஒவ்வொரு படமும் ஒரு பிரேம்; நொடிக்கு 60 பிரேம், நொடிக்கு 60 கேள்வி.

ஒரு சின்னக் குத்தை எடுத்துக்கொள்வோம். கை நீள்வதற்கு 4 பிரேம். அடி விழக்கூடிய நேரம் 3 பிரேம். கையை மடக்க 8 பிரேம். மொத்தம் 15. ஐந்தாவது பிரேமில் அடி விழுகிறது என்று வையுங்கள். அடித்தவன் 15-ஆவது பிரேம் வரை அந்த மூவில் மாட்டியிருப்பான். 16-ல் அடுத்த குத்தைத் தொடங்கினால் அது 20-ஆவது பிரேமில் விழும். வாங்கியவன் 14 பிரேம் உறைந்து நின்றால் 6 முதல் 19 வரை உறைவான்; 20-ல் விடுபட்டுத் தடுத்துவிடுவான். அதே உறைவு 15 பிரேம் என்றால்? 20-ஆவது பிரேமிலும் உறைந்திருப்பான், இரண்டாவது குத்தும் விழும். மூன்றாவதும் விழும். பின்னுக்குத் தள்ளும் தூரம் போதாவிட்டால் முப்பதாவதும் விழும். சண்டை ஆடுகிறவர்கள் இதை ‘இன்ஃபினிட்’ என்பார்கள். வாங்குகிறவன் கேம்பேடைக் கீழே வைத்துவிட்டுப் போகலாம்.

14-க்கும் 15-க்கும் நடுவில் இருப்பது ஒரு பிரேம், சுமார் 16.67 மில்லிநொடி. அந்த இடத்தில் நிற்பது ஷவல் நைட்டா, ஓரியா என்று அந்தக் கணக்கு பார்க்குமா? பார்க்காது. அடி விழும்போது இருவரும் ஒரு கணம் நிற்பதுபோல் காட்டுவார்களே, ஹிட்ஸ்டாப், அதைக் கூட்டினால் தப்பலாமா என்று சிலர் யோசிப்பார்கள். முடியாது. அது இருவரையும் சேர்த்தே நிறுத்துகிறது. அடிக்குக் கனம் தெரியும், கணக்கு மாறாது.

நெட்வொர்க்குக்கு வருகிறேன். இங்கேதான் எதிரணியின் செல்லப்பிள்ளை ஆக்டோடாட் மாட்டிக்கொள்கிறார். மனித அப்பாவாக வேடமிட்ட ஆக்டோபஸ் அவர்; அவருடைய நகைச்சுவையே கட்டுக்கடங்காமல் ஆடுகிற கைகால்தான். மூலக் கேமில் அந்த ஆட்டத்தை நடத்துவது இயற்பியல் கணிப்பு. ஆன்லைன் சண்டைக்கு இன்று எல்லோரும் கேட்பது ரோல்பேக். எதிராளியின் இன்புட், அதாவது அவர் அழுத்திய பொத்தான், வந்து சேரும் முன்பே, “முன்பு அழுத்தியதையே இப்போதும் அழுத்தியிருப்பார்” என்று ஊகித்துக் கேம் ஓடும். ஊகம் தவறானால் பழைய பிரேமுக்குத் திரும்பி, சரியான இன்புட்டோடு மறுபடி ஓடி, இப்போதைய பிரேமுக்கு வந்து நிற்கும். டோனி கேனன் உருவாக்கிய ஜிஜிபிஓ என்ற மென்பொருள் இந்த முறையைப் பிரபலமாக்கியது. 2019-ல் அதன் மூல நிரலே எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது.

கணக்கைப் பாருங்கள். போய்வர 120 மில்லிநொடி என்றால் ஒரு வழிக்கு 60. ஏறத்தாழ 4 பிரேம். 2 பிரேமை இன்புட் தாமதமாக (அழுத்தியது அவ்வளவு கழித்தே நடக்கும்படி) வைத்துக்கொண்டு மீதி 2-ஐ ரோல்பேக்கிடம் விடலாம். இணைப்பு மோசமாகி 7 பிரேம் பின்னால் போகவேண்டி வந்தால், அந்த 7-ஐயும் இப்போதைய 1-ஐயும் சேர்த்து 8 பிரேம் கணக்கை ஒரே 16.67 மில்லிநொடிக்குள் முடிக்க வேண்டும். பிரேமுக்கு 2 மில்லிநொடிதான். அதைவிட முக்கியம், ஒரே இன்புட்டுக்கு இரண்டு பேர் கணினியிலும் இம்மி பிசகாமல் ஒரே விடை வர வேண்டும். தன்னிஷ்டத்துக்கு ஆடுகிற கைகால்களை இயற்பியல் எஞ்சினிடம் விட்டால், ஒருவர் திரையில் கை தாடையில் படும், மற்றவர் திரையில் அரை விரல் தள்ளிப் போகும். அதற்குப் பிறகு இருவரும் ஆடுவது வேறு வேறு ஆட்டம். இதற்கு ‘டீசிங்க்’ என்று பெயர். ஆக, ஆக்டோடாட்டின் தள்ளாட்டத்தைப் பிரேம் பிரேமாக வரைந்து, ஒவ்வொன்றுக்கும் ஹிட்பாக்ஸ் (அடி படும் பகுதி) போட்டுப் பூட்ட வேண்டும். தள்ளாடுவதுபோல் தெரிய வேண்டும், ஆனால் தள்ளாடக் கூடாது. இந்த வேலைக்கு அமைப்பு என்று பெயர், எதிரணியினரே.

“பெயர் இல்லாவிட்டால் யார் வருவார்கள்? ஆன்லைனில் எதிராளி கிடைக்காமல் காத்திருந்தே காலம் போகும்” என்றார் சகோதரி. நியாயமான பேச்சு, ஒப்புக்கொள்கிறேன். முதல் நாள் கூட்டத்தைப் பெயர் கூட்டிவரும். அப்புறம்? 2020-ல் இண்டி நாயகர்களை மோதவிடும் பவுண்டி பேட்டில் என்ற கேம் வந்தது. கையில் பிரபலமான இண்டி கேம்களின் பெயர்கள் இருந்தன: குவாகமலே, டெட் செல்ஸ், அவுல்பாய். விமர்சகர்கள் கிழித்தார்கள், கட்டுப்பாடு மந்தம், அடிக்குக் கனமில்லை என்றார்கள். இண்டி வட்டத்துக்கு வெளியே ஒரு சாட்சி வேண்டுமா? மல்டிவெர்சஸ் என்ற பிளாட்ஃபார்ம் ஃபைட்டர். பேட்மேன், பக்ஸ் பன்னி, டாம் அண்ட் ஜெர்ரி. இதைவிடப் பெரிய பெயரை எந்த இண்டி கேம் கொண்டுவரும்? 2024 மே மாதம் மறுவெளியீடு, 2025 மே 30-ல் சர்வர் மூடல். மறுவெளியீட்டில் ஆட்டம் மந்தமாகிவிட்டது என்பது ஆடியவர்களின் பெரிய புகார். பக்ஸ் பன்னியாலேயே பிடித்துவைக்க முடியாத கூட்டம்!

எதிரணி அடுத்து நிண்டெண்டோ நாயகர்கள் மோதும் ஸ்மாஷ் பிரதர்ஸை எடுப்பார்கள் என்று தெரியும். எடுக்கட்டும். 1999-ல் வந்த அந்த முதல் கேமின் மாதிரி வடிவத்தை மசாஹிரோ சகுராய் வடிவமைக்க, சடோரு இவாடா நிரல் எழுதினார். அதில் நிண்டெண்டோவின் ஒரு முகமும் இல்லை. முகமே இல்லாத உருவங்கள் அடித்துக்கொண்டன. சண்டை பிடித்துப்போன பிறகுதான் மாரியோ வந்தார். “பார்த்தீர்களா, கடைசியில் மாரியோ தேவைப்பட்டாரே” என்பீர்கள். ஆமாம், தேவைப்பட்டார். மாரியோவுக்கு அங்கே ஒரு வீடு தயாராக இருந்ததால் வந்தார்.

எங்கள் கட்சிக்கு இதைவிட நெருக்கமான சாட்சி ரைவல்ஸ் ஆஃப் ஈதர். முழு வெளியீடு 2017. டான் ஃபோர்னேஸின் பிளாட்ஃபார்ம் ஃபைட்டர். தொடங்கியபோது அதில் இருந்தவர்களை யாருக்கும் தெரியாது; எந்தக் கேமில் இருந்தும் வந்தவர்கள் அல்ல. அடியைத் தாங்கும் ஷீல்டு கிடையாது, சரியான நொடியில் அடியைத் தட்டிவிடும் பாரி மட்டும். மேடை விளிம்பைப் பிடித்துத் தொங்குவதும் கிடையாது. அந்த அமைப்பு நின்றது. நின்ற பிறகு ஓரி விருந்தாளியாக வந்தார், ஷவல் நைட் வந்தார். சகோதரி கைதட்டல் வாங்கிய அதே ஷவல் நைட், நடுவர் அவர்களே! அங்கேயும் அவர் பெயரை மட்டும் போட்டுவிட்டு உட்காரவில்லை. எதிரியை அடித்து ரத்தினம் சேர்த்துத் தன் கவசத்தைக் கூட்டிக்கொள்ளும்படி அவருக்கென்று தனி விதி எழுதினார்கள்.

மணி அடித்துவிட்டார்கள், ஒரே ஒரு கேள்வி. ரைவல்ஸில் ஓர்கேன் என்று ஒரு பாத்திரம் உண்டு. தண்ணீரைக் குட்டையாகத் தேக்கிவைத்து, தேவையான நேரத்தில் அந்தக் குட்டைக்கே மாயமாகத் திரும்புகிற திமிங்கலக் குட்டி. அதற்கு முன் எந்தக் கேமிலும் அவனுக்குப் பெயர் கிடையாது, கதை கிடையாது. 2023 ஜனவரியில் இண்டி நாயகர்களை மோதவிடும் ஃபிரேமேக்கர்ஸ், முடிவதற்கு முன்பே ஆடக் கிடைக்கும் ‘எர்லி ஆக்சஸ்’ வடிவில் வெளிவந்தபோது, ஆக்டோடாட், கமாண்டர் வீடியோ, வெல்டாரோ ஆகியோருக்குப் பக்கத்தில் நாலாவதாக நின்றது அவன்தான். அடுத்துப் பேச வரும் எதிரணித் தலைவர் பதில் சொல்லட்டும்: ஓர்கேன் எந்தப் பெயரைக் காட்டி உள்ளே வந்தான்?