மீன் தள்ளிப் போனால் படகும் தள்ளிப் போனால் போதாதா?

"கடல் சூடாகி மீன் இடம் மாறுகிறது என்றால், சிறு படகுக்காரர்களும் இன்னும் கொஞ்சம் தூரம் போய்ப் பிடிக்கலாமே?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்.

பலர் அதைத்தான் செய்கிறார்கள், வேறு வழி தெரியாமல். தூரம் கூடினால் எரிபொருள் கூடும், ஐஸ் கூடும், முன்பணம் தந்த வியாபாரியிடம் கடனும் கூடும். கரையிலிருந்து வெகுதூரம் விலகிவிட்டால் செல்போனுக்கு சிக்னல் கிடையாது. திடீரெனக் காற்று எழுந்தால் எச்சரிக்கை போய்ச் சேராது. அதனால் இதை நான் முழுத் தீர்வாக நினைக்கவில்லை.

பூமியில் கூடுதலாகச் சேரும் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கடலுக்குள்தான் போகிறது. அந்தச் சூடு ஒத்துக்கொள்ளாத மீன்கள் துருவப் பக்கமாகவோ ஆழத்துக்கோ நகர்கின்றன. அவை விட்டுப்போன இடத்துக்கு வேறு மீன் வரலாம். சரி, வந்ததைப் பிடிக்கலாமே என்றால், அங்கேதான் வலை குறுக்கே நிற்கிறது. மீனின் செவுள் சிக்கிப் பிடிபடும் செவுள் வலையில், வலைக்கண்ணின் அளவுக்குப் பொருந்தும் மீன்தான் மாட்டும். சின்னது நழுவிவிடும், பெரியது தலையை நுழைக்க முடியாமல் திரும்பிவிடும். மீன் மாறினால் வலையும் மாற வேண்டும். இரண்டு மூன்று வகை வலையும் தூண்டிலும் வைத்திருப்பவர்கள் ஓரளவு தாக்குப்பிடிக்கிறார்கள். ஆனால் பல நாடுகளில் உரிமமே இன்ன மீனுக்கு, இன்ன வலைக்கு என்றுதான் தருகிறார்கள். கண்ணெதிரே புது மீன் ஓடினாலும் பிடிக்க அனுமதி இருக்காது. அந்த விதிகளைத் தளர்த்தாமல் மீனவர்களை மட்டும் மாறச் சொல்வது நியாயமே இல்லை.

அப்புறம், பிடிக்காமல் விடுவதும் ஒரு வழி. மடகாஸ்கரின் ஆண்டவடோக்கா பகுதியில் 2004-இல் ஒரு பாறைத்திட்டில் ஆக்டோபஸ் பிடிப்பதைச் சில மாதங்கள் நிறுத்திவைத்தார்கள். ஆக்டோபஸ் வேகமாக வளரும் உயிரினம். திறந்தபோது பெரிதாகக் கிடைத்தது, பக்கத்து ஊர்களும் பின்பற்றின. அங்கே கடல்நீர் வற்றும் நேரத்தில் நடந்துபோய் அதைப் பிடிப்பவர்களில் பெண்கள் நிறைய பேர். வீட்டுக்கு நேராகப் போய்ச் சேரும் வருமானம் அது.

ஆனால் அந்தத் திட்டு ஊரின் கட்டுப்பாட்டில் இருந்ததால்தான் மூட முடிந்தது. நாம் விட்டுவைத்ததை வெளியிலிருந்து வரும் பெரிய படகு அள்ளிக்கொண்டு போகும் என்றால் யார் காத்திருப்பார்கள்? ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2014-இல் சிறு அளவு மீன்பிடிப்புக்காக ஏற்ற வழிகாட்டுதல்களில் காலநிலை மாற்றத்தோடு கடல் மீதான உரிமையும் பேசப்படுகிறது. அவற்றை நாடுகள் தாமாக முன்வந்துதான் கடைப்பிடிக்க வேண்டும், கட்டாயம் இல்லை. மீனவர் சங்கங்கள் அழுத்திக் கேட்க வேண்டியது அந்த உரிமையைத்தான்.