டிஸ்னி வேர்ல்டில் இரண்டு பேர்: வரிசைக்கும் இருக்கைக்கும் உள்ள கணக்கு

[காட்சி: ஃபுளோரிடா மாநிலத்தின் வரைபடம். ஆர்லாண்டோ நகரத்தின் தென்மேற்குப் பகுதி மெல்ல நெருங்கி வருகிறது.]

வணக்கம். கணவனும் மனைவியும் மட்டுமாக டிஸ்னி வேர்ல்டுக்குப் போகிறோம் என்று சொன்னால், "அங்கே உங்களுக்கு என்ன வேலை? பிள்ளை பிறந்த பிறகு போகலாமே" என்று கேட்பதற்கு நம் வீடுகளில் ஒருவராவது இருப்பார். அவருக்குப் பதில் சொல்வது இந்த வீடியோவின் நோக்கம் இல்லை. ஆனால் அங்குள்ள சவாரிகளில் இருக்கைகள் எப்படி அமைந்திருக்கின்றன, வரிசைகள் எப்படி நகர்கின்றன என்பதைக் கூர்ந்து பார்த்தால், இரண்டு பேராக வருகிறவர்களுக்குத்தான் அந்த ஏற்பாடு மிகவும் இசைவாக இருக்கிறது என்பது என் முடிவு. ஏன் என்பதைப் பார்ப்போம்.

முதலில் இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. இந்தப் பூங்காத் தொகுதியைத் திட்டமிட்ட வால்ட் டிஸ்னி 1966 டிசம்பரில் இறந்துவிட்டார். அவருடைய அண்ணன் ராய் தம் ஓய்வைத் தள்ளிப்போட்டு வேலையை முன்னின்று முடித்து, 1971 அக்டோபர் 1 அன்று மேஜிக் கிங்டம் பூங்காவைத் திறந்தார். பின்னர் 1982-இல் எப்காட், 1989-இல் இன்று ஹாலிவுட் ஸ்டூடியோஸ் என்று அழைக்கப்படும் பூங்கா, 1998-இல் அனிமல் கிங்டம் ஆகியவை சேர்ந்தன. மொத்த நிலப்பரப்பு சுமார் 100 சதுர கிலோமீட்டர். ஆகவே ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

[காட்சி: வளைந்து வளைந்து செல்லும் நீண்ட வரிசை. மேலே காத்திருக்கும் நேரத்தைக் காட்டும் பலகை.]

ஒரு தீம் பார்க்கில் செலவிடும் நாளில் சவாரியில் கழிவது சில நிமிடங்கள்தான். மீதியை வரிசையே எடுத்துக்கொள்கிறது. ஒரு வரிசையின் நீளத்தைத் தீர்மானிப்பது அந்தச் சவாரிக்கு இருக்கும் வரவேற்பு மட்டும் என்று நினைக்கிறோம். அது பாதி உண்மை. மறுபாதி, ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை அது ஏற்றி இறக்க முடியும் என்பதில் இருக்கிறது. பேய் மாளிகையான ஹாண்டட் மேன்ஷனில் வண்டிகள் நிற்பதே இல்லை. சங்கிலிபோல் தொடர்ந்து நகர்ந்துகொண்டிருக்க, பக்கத்தில் அதே வேகத்தில் நகரும் தரைப்பட்டையில் நடந்து நாம் ஏறிக்கொள்கிறோம். அதனால் அது மணிக்கு ஈராயிரத்துக்கும் மேற்பட்டவர்களை விழுங்கிவிடுகிறது. அதற்குச் சிறிது தூரத்தில் இருக்கும் பீட்டர் பான்ஸ் ஃபிளைட்டில் பறக்கும் கப்பல் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று பேர்தான் உட்கார முடியும். ஏற்றும் திறன் மிகக் குறைவு. சாதுவான சின்னச் சவாரி என்றாலும் அங்கே எப்போதும் கூட்டம் தேங்கியிருப்பதற்குக் காரணம் இதுதான். எனவே காலையில் பூங்கா திறந்தவுடன் ஓட வேண்டியது திறன் குறைந்த சவாரிகளை நோக்கித்தான். ஹாண்டட் மேன்ஷன் போன்றவற்றை மதியத்துக்கு விட்டுவிடலாம்.

வரிசையைக் குறுக்கும் சீட்டுமுறை ஒன்றும் உண்டு. 1999-இல் ஃபாஸ்ட்பாஸ் என்ற பெயரில் அது வந்தபோது இலவசமாக இருந்தது. 2021 முதல் அதற்குப் பணம் கட்ட வேண்டும். 2024 ஜூலையிலிருந்து அதன் பெயர் லைட்னிங் லேன் மல்டி பாஸ். டிஸ்னியின் சொந்த விடுதிகளில் தங்குபவர்கள் ஏழு நாட்களுக்கு முன்னதாகவும், மற்றவர்கள் மூன்று நாட்களுக்கு முன்னதாகவும் அதைப் பதிவு செய்யலாம். விடுதியில் தங்குபவர்களுக்குத் தினமும் காலையில் அரை மணி நேரம் முன்னதாக நுழையும் உரிமையும் உண்டு. குழந்தைகளை எழுப்பிக் குளிப்பாட்டிக் கிளப்ப வேண்டிய குடும்பங்களில் பல இந்த அரை மணி நேரத்தைத் தவறவிடுகின்றன. அவர்கள் விட்டதை இருவராக வந்தவர்கள் எளிதில் பிடித்துக்கொள்ளலாம்.

[காட்சி: சவாரி வண்டிகளின் இருக்கை அமைப்பைக் காட்டும் கோட்டோவியங்கள்.]

இனி இருக்கைக் கணக்குக்கு வருவோம். 2006-இல் அனிமல் கிங்டமில் திறக்கப்பட்ட எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட், ஒரு வரிசைக்கு இரண்டு இருக்கைகள் கொண்ட ரோலர் கோஸ்டர். மூன்று பேர் கொண்ட குடும்பம் ஏறினால் ஓர் இருக்கை காலியாகிறது. அதை நிரப்புவதற்காகத்தான் தனியாக வருகிறவர்களுக்கென்று தனி வரிசை வைத்திருக்கிறார்கள். இரண்டு பேர் வந்தால் இருக்கை வீணாவதில்லை, யாரும் பிரிய வேண்டியதும் இல்லை. நேபாள மலைச்சரிவில் போவதாகப் பாவனை செய்யும் அந்த ரயில், உச்சியில் தண்டவாளம் பிய்ந்து கிடப்பதைக் கண்டு நின்று, இருட்டுக்குள் பின்னோக்கிப் பாயும்போது பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் இருப்பது நல்லது.

எப்காட்டின் டெஸ்ட் டிராக்கில் கணக்கு மாறுகிறது. அதில் ஒரு வரிசைக்கு மூன்று இருக்கைகள். உங்கள் இருவருக்கும் அருகில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து உட்காரக்கூடும். மேஜிக் கிங்டமில் 1975 முதல் ஓடும் ஸ்பேஸ் மௌண்டனில் பக்கத்து இருக்கையே கிடையாது. ஒருவர் பின் ஒருவராகத்தான் உட்கார வேண்டும். கலிபோர்னியாவில் உள்ள அதே பெயர்கொண்ட சவாரியில் இருவர் அருகருகே உட்காரலாம் என்பதால், அங்கே போய்வந்தவர்கள் சொல்வதைக் கேட்டு வருகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். அதன் உச்ச வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர்தான். நகரப் பேருந்தே அதைவிட வேகமாகப் போகும். இருட்டில் அடுத்த திருப்பம் எங்கே என்று தெரியாததால் மட்டுமே அது அவ்வளவு மிரட்டுகிறது.

என்னைக் கேட்டால், தம்பதிகளுக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல் இருப்பது ஹாலிவுட் ஸ்டூடியோஸில் 2019-இல் வந்த ஸ்மக்லர்ஸ் ரன். ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் மில்லேனியம் ஃபால்கன் விண்கலத்தில் ஆறு பேர் ஏறுகிறார்கள்: இரண்டு விமானிகள், இரண்டு பீரங்கி வீரர்கள், இரண்டு பொறியாளர்கள். விமானிகளில் ஒருவர் கலத்தை இடவலமாகத் திருப்புவார்; மற்றவர் மேலும் கீழுமாக இயக்குவார். ஒருவர் இல்லாமல் மற்றவரால் கலத்தை ஓட்டவே முடியாது. மோதினால் குற்றம் யாருடையது என்ற வாதம் வெளியே வந்தும் முடியாது. தனியாள் வரிசையில் போனால் விரைவில் ஏறிவிடலாம். ஆனால் பெரும்பாலும் பின்னால் இருக்கும் பொறியாளர் இருக்கைதான் கிடைக்கும். எவரெஸ்டில் இரண்டாம் முறை ஏறும்போது தனியாள் வரிசை நல்ல உத்தி. இங்கே அது வேண்டாம்.

[காட்சி: வானம் இருண்டு மழை கொட்டுகிறது. மழைக்கோட்டு அணிந்த கூட்டம் கடைகளுக்குள் ஒதுங்குகிறது.]

ஜூன் முதல் செப்டம்பர் வரை போகிறவர்கள் மழையைக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஃபுளோரிடா ஒரு தீபகற்பம். கிழக்கே அட்லாண்டிக்கிலிருந்தும் மேற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்தும் வரும் கடற்காற்றுகள் நடுநிலத்தில் மோதி மேலெழுந்து, பிற்பகலில் இடியுடன் மழையாக இறங்குகின்றன. மின்னல் நெருங்கினால் எவரெஸ்ட் போன்ற திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். அதனால் காலையில் வெளிச்சவாரிகள், பிற்பகலில் விடுதியறையும் குட்டித் தூக்கமும், மாலையில் மீண்டும் பூங்கா என்று நாளைப் பிரிப்பது நல்லது. கட்டிய பணம் வீணாகுமே என்று நாள் முழுவதும் வெயிலில் அலைகிற தம்பதிகள் மாலைக்குள் ஒருவர்மீது ஒருவர் எரிந்துவிழுவதை அங்கே சாதாரணமாகப் பார்க்கலாம்.

[காட்சி: அந்தி. ஏரியைச் சுற்றி விளக்குகள் ஏற்றப்படுகின்றன.]

அந்த மாலையை எப்காட்டுக்கு ஒதுக்குங்கள். அங்கே வேர்ல்ட் ஷோகேஸ் என்ற பகுதியில், ஓர் ஏரியைச் சுற்றி மெக்சிகோ முதல் கனடா வரை பதினொரு நாடுகளின் அரங்குகள் இருக்கின்றன. சுற்றிவரும் பாதை ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். சவாரிகள் குறைவு, நடையும் சாப்பாடும் அதிகம் என்பதால் சிறுவர்கள் சலித்துப்போகும் இடம் இது. அதே காரணத்தால் பெரியவர்களுக்கு மிகவும் பிடித்துப்போகும். மொராக்கோ அரங்கின் வண்ண ஓடுகளைப் பதிக்க அந்நாட்டிலிருந்தே கைவினைஞர்கள் வந்தார்கள். ஏரிக்கு எதிர்க்கரையிலிருந்து அந்த அரங்கைப் பார்த்தால், அதன் பின்னால் தொலைவில் ஒரு கோபுரம் தெரியும். அது பக்கத்துப் பூங்காவான ஹாலிவுட் ஸ்டூடியோஸின் டவர் ஆஃப் டெரர். மொராக்கோவின் வானவரையைக் கெடுக்காமல் இருக்கும்படி அதன் நிறத்தையும் உச்சியின் வடிவத்தையும் அமைத்திருக்கிறார்கள். இந்த அக்கறைக்காகவே அந்த எதிர்க்கரையில் கொஞ்ச நேரம் நின்று பார்க்கலாம்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, சைவம் மட்டும் உண்பவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. தாவர உணவுகளுக்குப் பட்டியலில் இலைக்குறி போட்டிருப்பார்கள். அனிமல் கிங்டம் லாட்ஜில் உள்ள சனா உணவகத்தில் நான் முதலிலும், பல நேரங்களில் முடிவிலும் பரிந்துரைப்பது, 'நான்' ரொட்டி உள்ளிட்ட இந்திய ரொட்டி வகைகளைப் பலவிதச் சட்னிகளோடு பரிமாறும் தட்டுதான். பகலில் போனால், ஜன்னலுக்கு வெளியே வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் மேய்வதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். இத்தகைய உணவகங்களுக்கு அறுபது நாட்களுக்கு முன்பே இடம் பதிய முடியும்.

செலவில் ஒரு விஷயம் மட்டும். பத்து வயது முதல் எல்லோருக்கும் பெரியவர் கட்டணம்தான். அதுவும் தேதிக்குத் தேதி மாறும். பள்ளி விடுமுறையைப் பார்த்துப் பயணம் வைக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை என்பதே இங்கே உங்கள் கையிலுள்ள பெரிய துருப்புச்சீட்டு.

[காட்சி: இரவு. கோட்டைக்கு மேலே வாணவேடிக்கை.]

கடைசியாக, மேஜிக் கிங்டமின் இரவு. வாணவேடிக்கை முடிந்ததும் ஆயிரக்கணக்கானோர் ஒரே வாயிலை நோக்கி நகர்வார்கள். கார் நிறுத்துமிடம் ஏரிக்கு அப்பால் இருப்பதால், படகுக்கும் மோனோரயிலுக்கும் அப்போது பெருங்கூட்டம் நிற்கும். தூங்கும் பிள்ளையைத் தோளில் சுமந்தவர்களுக்கு வேறு வழியில்லை. உங்களுக்கு உண்டு. பூங்கா மூடும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பு வரிசையில் சேர்ந்திருந்தாலும் சவாரிக்கு அனுமதிப்பார்கள். எனவே கூட்டம் வெளியேறும்போது நீங்கள் உள்நோக்கி நடந்து ஒரு சவாரியை முடித்துக்கொள்ளலாம். நுழைவாயிலை ஒட்டிய கடைகள் அதன் பிறகும் சிறிது நேரம் திறந்திருக்கும். டாக்ஸியில் திரும்புகிறவர்கள், வாயிலிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் கண்டெம்பரரி விடுதிக்குப் போய் அங்கிருந்தே வண்டியை அழைத்துக்கொண்டால், அந்த ஏரியைக் கடக்கவே வேண்டியதில்லை.