துப்பாக்கி ஒருமுறை, தோட்டா பலமுறை

நேயர்களுக்கு வணக்கம்.

2024-இல் அமெரிக்காவின் அலபாமா, ஓக்லஹோமா, டெக்சஸ் மாநிலங்களில் சில மளிகைக் கடைகளுக்குள் ஒரு புதிய இயந்திரம் வந்து நின்றது. காசு போட்டால் குளிர்பானம் தரும் இயந்திரங்களைப் பார்த்திருப்பீர்கள். இது தோட்டா தரும் இயந்திரம். ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினால் அதை ஸ்கேன் செய்யும். எதிரே நிற்பவரின் முகத்தைப் படமெடுத்து, உரிமத்தில் இருக்கும் ஆள்தானா என்று பார்க்கும். 21 வயது ஆகியிருந்தால் பணம் கட்டிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போகலாம்.

செய்தி வந்ததும் பலர் பதறினார்கள். எனக்கு வேறொன்று தோன்றியது. அமெரிக்காவின் பெரும்பாலான கடைகளில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் மனிதரைவிட அந்த இயந்திரம் கறாராகவே நடந்துகொள்கிறது. ஆனால் அதுவும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: இந்த ஆள் தோட்டா வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்கிறதா?

அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டுமா, கேட்டால் எப்படிக் கேட்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். கடுங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர், குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையாணை உள்ளவர் போன்றோர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்கிறது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம். தோட்டாவும் வைத்திருக்கக் கூடாது. ஒரே ஒரு தோட்டா சட்டைப்பையில் இருந்தாலும் குற்றம்தான். இதில் நம்மவர்களுக்கும் பங்கு உண்டு. ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கும், வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் தவிர, இதே தடைதான். வார இறுதியில் நண்பர்களோடு விளையாட்டாகச் சுடும் திடலுக்குப் போகும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

சரி, தடை இருக்கிறது. அதைக் கடையில் யார் சரிபார்ப்பது? உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்கினால் பின்னணிச் சரிபார்ப்பு உண்டு. 1993-இல் வந்த பிரேடி சட்டத்தின்படி, 1998 நவம்பரிலிருந்து எஃப்பிஐ நடத்தும் கணினி முறையில் பெயரைத் தட்டிப் பார்க்கிறார்கள். தோட்டாவுக்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் அப்படி எதுவும் கிடையாது. 1968-ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டாவைத் தபாலில் விற்பதைத் தடுத்தது, விற்பனையைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுதவும் சொன்னது. 1986-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அந்த இரண்டையும் எடுத்துவிட்டது. அந்தக் காலத்துப் பதிவேடுகள் கடை அலமாரியில் தூசு படிந்து கிடந்தன, போலீசுக்குப் பயன்படவில்லை என்று சொல்லப்பட்டது. காகிதக் காலத்தில் அது நியாயமான வாதம்தான். பின்னால் இணையம் வந்து, தோட்டா வீட்டு வாசலுக்கே வரும் என்று அன்று யார் நினைத்திருப்பார்கள்?

2012 ஜூலையில் கொலராடோ மாநிலம் அரோரா நகரில் ஒரு திரையரங்கில் புகுந்து 12 பேரைக் கொன்றவன், அதற்கு முந்தைய மாதங்களில் இணையத்தில் ஆயிரக்கணக்கான தோட்டாக்களை வாங்கியிருந்தான். சரிபார்ப்பு இருந்திருந்தாலும் அவனைத் தடுத்திருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவன்மேல் பழைய குற்றம் எதுவும் இல்லை. துப்பாக்கிகளைச் சரிபார்ப்பில் தேறித்தான் வாங்கினான். எந்தப் படுகொலை நடந்தாலும் "இந்தச் சட்டம் இருந்திருந்தால்..." என்று தொடங்குகிறவர்கள் கொஞ்சம் நிதானிப்பது நல்லது.

ஆனால் 2018 மே மாதம் டெக்சஸ் மாநிலம் சான்டா ஃபே உயர்நிலைப் பள்ளியில் நடந்தது வேறு மாதிரி. பத்துப் பேரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட மாணவனுக்கு அப்போது வயது 17. துப்பாக்கிகள் அப்பாவுடையவை. தோட்டாவை அவனே இணையத்தில் வாங்கியிருந்தான், விற்றவர்கள் வயதைச் சரிபார்க்கவில்லை. குடும்பங்கள் வழக்குப் போட்டு, 2023-இல் சமரசம் ஏற்பட்ட பிறகுதான் அந்த நிறுவனம் வயதைச் சரிபார்க்க ஒப்புக்கொண்டது. இங்கே துப்பாக்கிக் கடையில் நடக்கும் எந்தச் சோதனையும் அந்தப் பையனைத் தொட்டிருக்காது. அவன் கடைக்குப் போகவே இல்லையே! அவன் வாங்கியது தோட்டாவை மட்டும்தான்.

இதுதான் என் வாதத்தின் மையம். அடுப்பு ஒருமுறை வாங்குவது. சிலிண்டர் தீரத் தீர வாங்குவது. துப்பாக்கி ஐம்பது வருடம் உழைக்கும். வாங்கிய அன்று நல்ல குடிமகனாக இருந்தவர் பத்து வருடம் கழித்து மனைவியை அடித்துத் தடையாணை வாங்கியிருக்கலாம். அமெரிக்க மக்களிடம் ஏறத்தாழ 40 கோடித் துப்பாக்கிகள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். புதிதாக விற்பதை மட்டும் சோதித்தால் இந்த 40 கோடிக்கு என்ன செய்வது?

நியூயார்க் செனட்டராக இருந்த டேனியல் பாட்ரிக் மொய்னிஹான் 1990-களிலேயே இதைச் சொன்னார். நாட்டில் துப்பாக்கி இருநூறு ஆண்டுகளுக்குப் போதுமான அளவு இருக்கிறது, தோட்டா நாலு வருடத்துக்குத்தான் இருக்கிறது, ஆகவே தோட்டாவைப் பிடியுங்கள் என்றார். உடலுக்குள் விரிந்து கிழிக்கும் ஒருவகைத் தோட்டாவுக்கு 10,000 சதவீத வரி போடவும் முன்மொழிந்தார். அது நிறைவேறவில்லை. மனிதர் கொஞ்சம் மிகைப்படுத்தியவர்தான். ஈரம் படாமல் வைத்தால் தோட்டாவும் பல பத்தாண்டுகள் கெடாமல் இருக்கும். ஆனால் அவர் கை வைத்த இடம் சரியான இடம்.

தடை உள்ளவர்கள் கடைக்கு வந்து தங்கள் சொந்தப் பெயரில் வாங்குவார்களா, கள்ளச் சந்தைக்குத்தானே போவார்கள் என்று கேட்பீர்கள். லாஸ் ஏஞ்சலஸ் நகரில் அப்போது தோட்டா வாங்குகிறவர் பெயரும் கைரேகையும் கொடுக்க வேண்டும் என்று விதி இருந்தது. சோதனை மட்டும் கிடையாது. 2004-இல் இரண்டு மாதப் பதிவுகளை ஆய்வாளர்கள் எடுத்துக் குற்றப் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். வாங்கியவர்களில் மூன்று சதவீதத்துக்குச் சற்றுக் குறைவானோர் வாங்கக் கூடாதவர்கள். அவர்கள் அந்த இரண்டு மாதத்தில் வாங்கியது பத்தாயிரம் தோட்டாவுக்கு மேல். கைரேகை வைத்து வாங்கியிருக்கிறார்கள்! யாரும் பார்க்கப்போவதில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது கலிஃபோர்னியாவுக்கு வருவோம். ஒவ்வொரு முறை தோட்டா வாங்கும்போதும் சரிபார்ப்பு என்று முதலில் செயல்படுத்திய மாநிலம் அதுதான். 2016 நவம்பரில் 63-ஆம் எண் முன்மொழிவு மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. அப்போது துணை ஆளுநராக இருந்த கேவின் நியூசம் முன்நின்று நடத்தினார். வாக்களித்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் ஆதரித்தார்கள். 2018 ஜனவரியிலிருந்து இணையத்தில் வாங்கினாலும் உரிமம் பெற்ற கடை வழியாகத்தான் பெற முடியும் என்றானது. 2019 ஜூலை 1 முதல் சரிபார்ப்பு தொடங்கியது.

அந்த மாநிலத்தில் தடை வந்த பிறகும் துப்பாக்கியை ஒப்படைக்காதவர்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். போலீஸ் ஒவ்வொரு வீடாகப் போய்த் தட்டிக்கொண்டிருக்கிறது, பட்டியல் குறைந்தபாடில்லை. இவர்களிடம் துப்பாக்கி ஏற்கெனவே இருக்கிறது. தோட்டா வாங்க வரும்போதாவது நிறுத்தலாம் என்பது இந்தச் சட்டத்தின் நல்ல பயன்களில் ஒன்று.

செயல்படுத்தியதில்தான் கோளாறு. சோதனை இரண்டு வகை. உங்கள் பெயரில் மாநிலப் பதிவில் துப்பாக்கி இருந்தால் ஒரு டாலர் கட்டணத்தில் சில நிமிடங்களில் முடியும் என்றார்கள். இல்லாவிட்டால் முழுச் சோதனை. 19 டாலர், சில நாள் காத்திருப்பு. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ரைஃபிள், ஷாட்கன் வாங்கியவர்களின் பதிவை அந்த மாநிலம் சேமித்து வைக்கத் தொடங்கியதே 2014-இல்தான். 1985-இல் வாத்து வேட்டைக்கு ஒரு ஷாட்கன் வாங்கிய பெரியவர் பதிவிலேயே இல்லை. பதிவில் பெயர் இருந்தும் வீடு மாறியிருந்தால் முகவரி ஒத்துப்போகாது. போதாக்குறைக்கு, புதிய வகை ஓட்டுநர் உரிமம் எடுக்காதவர்களின் அட்டையில் 'கூட்டாட்சி வரம்புகள் பொருந்தும்' என்று ஒரு வரி அச்சிட்டிருப்பார்கள். அந்த வரி இருந்தால் பாஸ்போர்ட்டோ பிறப்புச் சான்றிதழோ கூடவே காட்ட வேண்டும். பாஸ்போர்ட்டோடு தோட்டா வாங்கப் போவது என்றால் யாருக்கும் எரிச்சல் வரத்தான் செய்யும்.

விளைவு? முதல் ஏழு மாதங்களில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட சோதனைகள். ஏறத்தாழ 16 சதவீதம், ஒரு லட்சத்தைத் தாண்டி, திருப்பி அனுப்பப்பட்டன. மிகப் பெரும்பாலும் பதிவு ஒத்துப்போகாத காரணம். உண்மையிலேயே தடை உள்ளவர்கள் என்று பிடிபட்டவர்கள் சுமார் 750 பேர்.

எதிர்ப்பவர்கள் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "750 பேருக்காக ஒரு லட்சம் பேரா?" என்கிறார்கள். 750 என்பது சின்ன எண் அல்ல என்பது என் கருத்து; சட்டம் தோட்டா கூடாது என்று சொன்ன 750 பேர் கவுண்டர் வரை வந்து நின்றிருக்கிறார்கள். பயந்து கடைக்கே வராதவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். ஆனால் அந்த ஒரு லட்சத்தை நான் கண்டுகொள்ளாமல் போக முடியாது. உரிமை உள்ள ஒருவரைத் தன் பதிவேட்டுக் குளறுபடிக்காக அரசு திருப்பி அனுப்பினால், அது அவர் குற்றமா?

வழக்குப் போட்டவர்களில் முதல் பெயர் கிம் ரோட். 1996 அட்லாண்டாவிலிருந்து 2016 ரியோ வரை ஆறு ஒலிம்பிக்குகளில் ஆறு பதக்கம் வாங்கிய துப்பாக்கிச் சுடும் வீராங்கனை. பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் பயிற்சிக்குத் தோட்டா நூற்றுக்கணக்கில் செலவாகும். சான் டியேகோ நீதிபதி ரோஜர் பெனிடெஸ் 2020 ஏப்ரலில் சட்டத்தை நிறுத்தினார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் உத்தரவை நிறுத்தியது. 2022-இல் உச்ச நீதிமன்றம் ப்ரூயன் வழக்கில் ஒரு புதிய அளவுகோலைக் கொண்டுவந்தது: துப்பாக்கிக் கட்டுப்பாடு எதுவானாலும் நாட்டின் பழைய வரலாற்றில் அதற்கு ஒப்பான மரபு இருக்க வேண்டும். 2024 ஜனவரியில் பெனிடெஸ் மறுபடி நிறுத்தினார், சில நாளில் அதுவும் நிறுத்தப்பட்டது. அப்புறம் 2025 ஜூலையில் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூவர் அமர்வு இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சட்டம் செல்லாது என்றது. எழுதியவர் நீதிபதி சான்ட்ரா இகூட்டா. மறுத்து எழுதியவர் ஜே பைபி: பெரும்பாலானோருக்கு ஒரு டாலர் செலவு, ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம், இதையா உரிமை மீறல் என்கிறீர்கள் என்பது அவர் கேள்வி. இவர்கள் இருவரையும் நியமித்தவர் ஒரே ஜனாதிபதி, இளைய புஷ். ஆகவே இதைக் கட்சிச் சண்டையாக மட்டும் பார்த்தால் தப்பு. கலிஃபோர்னியா அரசு அந்தத் தீர்ப்பை ஏற்காமல், கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வு விசாரிக்க வேண்டும் என்று மனுப் போட்டது.

வரலாற்று அளவுகோல் எனக்குப் புரிபடாத ஒன்று. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அரசியலமைப்பில் சேர்த்த 1791-இல் கணினி இல்லை, தபாலில் தோட்டா இல்லை. அன்று யாரும் செய்யாத சோதனையை இன்று செய்யக் கூடாது என்றால், அன்று இல்லாத விற்பனை முறையை மட்டும் எப்படி ஏற்கிறோம்? 2024-இல் ரஹிமி வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், குடும்ப வன்முறைத் தடையாணை உள்ளவரிடமிருந்து ஆயுதத்தைப் பறிக்கலாம் என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சொன்னது. பறிக்கலாம், ஆனால் விற்பதற்கு முன் பார்க்கக் கூடாது என்பது விந்தையாக இல்லையா?

எல்லை தாண்டிப் போவார்கள் என்ற வாதமும் உண்டு. உண்மைதான். 2019 ஜூலை கடைசியில், சட்டம் வந்து நாலு வாரத்தில், கில்ராய் நகரின் பூண்டுத் திருவிழாவில் சுட்டு மூன்று பேரைக் கொன்ற 19 வயது இளைஞன் ரைஃபிளைப் பக்கத்து நெவாடாவில் சட்டப்படி வாங்கி வந்திருந்தான். ஒரு மாநிலம் மட்டும் கதவைப் பூட்டினால் இப்படித்தான். நியூயார்க் 2013-இலேயே சட்டம் போட்டுவிட்டுப் பத்து வருடம் கிடப்பில் வைத்திருந்தது. பஃபலோ பல்பொருள் அங்காடியில் பத்துப் பேர் கொல்லப்பட்ட பிறகு, 2023 செப்டம்பரில்தான் தொடங்கியது. நாடு முழுவதற்குமான மசோதா காங்கிரஸில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அறிமுகமாகி அப்படியே நின்றுபோனது.

ஆக, சரிபார்ப்பு வேண்டும் என்பதே என் நிலை. ஆனால் அதைக் கேட்கும் அரசு முதலில் தன் பதிவேட்டைச் சரிசெய்ய வேண்டும். பழைய ஷாட்கன் வைத்திருக்கும் அந்தப் பெரியவர் தன் துப்பாக்கியைப் பதிவில் சேர்க்க விரும்பினால், அதற்கும் கலிஃபோர்னியா 19 டாலர் கேட்டது. அவர் தானாக முன்வந்து தன் துப்பாக்கியைப் பற்றிச் சொல்கிறார்; அதற்கு அவரிடமே பணம் வாங்குவதா? அந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யலாம். முகவரி மாறியதை ஓட்டுநர் உரிமத் துறையிடம் ஒருவர் சொன்னால் அது துப்பாக்கிப் பதிவிலும் தானாக மாறும்படி செய்யலாம். இரண்டுமே அரசின் கையில் இருக்கும் வேலைகள். எந்த நீதிமன்றத்தின் தீர்ப்புக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

நன்றி, வணக்கம்.