ஒரே நாளில் வந்த அப்ரூவல், அதற்கு முன்னால் நான்கு மாதம்

வணக்கம். இப்போது எங்கள் மனையில் நின்றுதான் பேசுகிறேன். பின்னால் தெரிகிற கல்தான் மேற்கு மூலைக் கல். கொஞ்சம் காற்று அடிக்கிறது, குரல் சரியாகக் கேட்கவில்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வீடியோவில், வீட்டுக்கு பிளான் அப்ரூவல் ஒரே நாளில் கிடைத்துவிட்டது என்று சொல்லியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு சொந்தக்காரர்கள், ஆபீஸ் நண்பர்கள் என்று எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எவ்வளவு கொடுத்தீங்க?" அரசு இணையதளம் (போர்டல்) காட்டிய கட்டணத்தைத் தவிர ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு நாளுக்கு முன்னால் நான்கு மாதம் அலைந்தேன். அந்த நான்கு மாதத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

முதலில் திட்டம் என்ன என்று சுருக்கமாக. தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் சுயசான்றிதழ் முறை வந்தது. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும் உள்ள குடியிருப்பு என்றால், ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஆவணங்களையும் வரைபடத்தையும் ஏற்றிப் பணம் கட்டினால் உடனே அனுமதி வந்துவிடும். க்யூஆர் குறியோடு வரும். யாரும் முன்கூட்டி வந்து மனையைப் பார்ப்பதில்லை. பணி முடிவுச் சான்றும் இதில் தேவையில்லை.

கேட்க நன்றாக இருக்கிறது, நிஜமாகவே நல்ல திட்டம். ஆனால் பெயரைக் கவனியுங்கள். சுயசான்று. நான் கொடுத்த விவரம் எல்லாம் சரி என்று நானே கையெழுத்துப் போடுகிறேன். முன்பு ஃபைல் மேசை மேசையாகப் போகும்போது யாராவது ஒருவர், "பட்டாவில் அளவு குறையுதே" என்று திருப்பி அனுப்புவார். எரிச்சலாக இருக்கும், ஆனால் தப்பு அங்கேயே பிடிபடும். இப்போது அந்த ஆளின் வேலையும் நம் தலையில்தான். தப்பான விவரத்தில் வாங்கிய அனுமதி பின்னால் ரத்தாகலாம். அதற்குள் பாதி வீடு எழும்பியிருக்கும்.

எங்கள் கதைக்கு வருகிறேன். இது 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட பகுதிகளில் ஒன்று. அப்பா வாங்கியபோது பஞ்சாயத்து. அந்தக் காலத்தில் விளம்பரத்தில் "பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்று போடுவார்கள், நம் பெற்றோர்கள் நம்பி வாங்கினார்கள். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்ட லேஅவுட் சட்டப்படி அங்கீகாரம் பெற்ற லேஅவுட் ஆகாது. சென்னைப் பெருநகரப் பகுதியில் என்றால் சி.எம்.டி.ஏ. (பெருநகர வளர்ச்சிக் குழுமம்), மற்ற இடங்களில் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் வேண்டும். 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்ட பிறகுதான் பல குடும்பங்களுக்கு இது தெரியவே வந்தது. அப்புறம் 2017-ல் வரன்முறை விதிகள் வந்தன, அதாவது அங்கீகாரமில்லாத மனையைப் பணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளும் வழி. 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் விற்கப்பட்ட மனைகளுக்கு அந்த வழி கிடைத்தது. அப்பா அப்போதே விண்ணப்பித்துப் பணம் கட்டி உத்தரவை வாங்கி வைத்திருந்தார். பீரோவில் பழைய கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே அந்தத் தாள் கிடைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அது இல்லாவிட்டால் இன்றைக்கு இந்த வீடியோவே இல்லை. உங்கள் வீட்டில் பெரியவர்கள் வாங்கிய மனை இருந்தால், தயவுசெய்து இன்றைக்கே அந்த உத்தரவு இருக்கிறதா என்று தேடுங்கள்.

அடுத்தது பட்டா. அப்பா எனக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டார், வில்லங்கச் சான்றில் அந்தப் பதிவும் ஏறிவிட்டது. நான் அதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். பட்டா இன்னும் பழைய சர்வே எண்ணில் பத்துப் பேரோடு கூட்டுப் பட்டாவாகவே இருந்தது. உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்க சர்வேயர் வந்து அளக்க வேண்டும். நான்கு மாதத்தில் மூன்று மாதம் இதற்கே போனது.

அளந்தபோதுதான் பெரிய விஷயம் வெளியே வந்தது. பத்திரத்தில் 20-க்கு 60, ஆக 1,200 சதுர அடி, நம் பேச்சில் அரை கிரவுண்டு. முன்பக்கம் 20 அடி சரியாக இருக்கிறது. பின்பக்கம் பதினெட்டரை அடிதான். பக்கத்து வீட்டுக்காரர் மதிலைத் தள்ளிக் கட்டிவிட்டார் என்று எனக்கு முதலில் கோபம் வந்தது. சர்வேயர் பழைய கல்லைத் தோண்டிக் காட்டினார். கல் இருக்கிற இடத்தில்தான் மதிலும் இருக்கிறது. லேஅவுட் போட்ட நாளிலிருந்தே அப்படித்தான். பட்டா 107 சதுர மீட்டருக்கு வந்தது, அதாவது ஏறக்குறைய 1,152 சதுர அடி. 48 சதுர அடி காகிதத்தில் மட்டும் வாழ்ந்திருக்கிறது.

என்ஜினீயர் அதற்குள் 1,200-க்கே பிளான் போட்டு வைத்திருந்தார். "பத்திரம் இருக்கு சார், ஏற்றிவிடலாம்" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பத்திரம், பட்டா, தரையில் இருக்கிற அளவு மூன்றில் எது குறைவோ அதற்குத்தான் வரைய வேண்டும். வரைபடத்தில் பின்பக்கம் 20 அடி என்று காட்டினால், பக்கத்தில் விட்டதாகக் காட்டுகிற காலியிடத்தில் ஒன்றரை அடி தரையில் இருக்கவே இருக்காது. வேறு என்ஜினீயரிடம் போய்ப் புதிதாக வரைந்தோம். பின் அறை சின்னதாகிவிட்டது. பரவாயில்லை.

செட்பேக், அதாவது கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய காலியிடம் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள்தான் இப்போது எல்லா ஊருக்கும். எங்களுடைய மாதிரி குறுகலான தெருவில் முன்னால் 1.5 மீட்டர், சுமார் ஐந்து அடி விட வேண்டும். பக்கவாட்டில் எவ்வளவு என்பது மனை அகலத்தையும் கட்டட உயரத்தையும் பொறுத்து மாறும். மேஸ்திரி பிளானைப் பார்த்ததும் கேட்டது: "படிக்கட்டை ஏன் உள்ளே வைக்கறீங்க? சைடுல வெளியே போட்டா ஒரு ரூமே மிச்சம்." இந்தத் தெருவிலேயே எண்ணிப் பார்த்தேன், ஆறு வீட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். ஒரு வீட்டுப் பாத்ரூம் ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுப் படிக்கட்டில் இடிக்கிறது. நான் வளர்ந்த வாடகை வீட்டில் அப்படித்தான் பகலிலும் டியூப்லைட் எரியும், அம்மாவுக்கு மூச்சு வாங்கும். காலியாக விடுகிற அந்த இடம் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும், செப்டிக் டேங்க் குழாய் அடைத்தால் ஆள் போய் வரவும் வேண்டும். அதைத் தின்றுவிட்டு ஒரு அறை எனக்கு வேண்டாம். சட்டப்படியும் சும்மா இல்லை. பிளானுக்கு மாறாகக் கட்டினால் 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தில் வேலையை நிறுத்தவும் இடிக்கவும் பூட்டி சீல் வைக்கவும் இடமிருக்கிறது.

மழைநீர் சேகரிப்பும் பிளானில் காட்ட வேண்டும், 2003-லிருந்து கட்டாயம். வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டுக் கட்டும்போது மறந்துவிடுகிறவர்கள் நிறைய. 2019 கோடையில் ராத்திரி இரண்டு மணிக்கு லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவன் நான். மொட்டை மாடித் தண்ணீர் முழுவதும் கிணற்றுக்குப் போகிற மாதிரி பைப் இப்போதே குறித்தாகிவிட்டது.

கட்டணம் சதுர அடிக் கணக்கு. மாநகராட்சியில் அதிகம், பேரூராட்சி, ஊராட்சியில் குறைவு, போர்டலே கணக்குப் போட்டுவிடும். காலிமனை வரி பாக்கியை மட்டும் முன்னாலேயே கட்டிவிடுங்கள், ரசீது வேண்டும். பேங்க் லோனுக்கும், கட்டுமானத்துக்கான தற்காலிக இ.பி. இணைப்புக்கும் இந்த அனுமதித் தாளைத்தான் கேட்டார்கள். மேலே மாடியில் கடை போடும் எண்ணம் இருந்தாலோ, ஏரிக்கரை, கடற்கரை, விமான தளம் பக்கத்தில் மனை இருந்தாலோ இந்த வழியில் போகாதீர்கள். முதலில் விசாரியுங்கள், தனித் தடையின்மைச் சான்று கேட்பார்கள்.

சரி, இங்கே பாருங்கள். அனுமதி பெற்ற வரைபடத்தை ஏ3-ல் பிரின்ட் போட்டு லேமினேட் செய்துவிட்டேன். நாளைக் காலை ஆறு மணிக்கு மேஸ்திரி நூல் பிடிக்கிறார். இந்த மூலைக் கல்லிலிருந்து டேப்பின் ஒரு முனையை நான் பிடிக்கப்போகிறேன், இன்னொரு முனை அப்பா. வானம் தோண்டுவதற்கு முன்னால் நான்கு பக்கமும் அளந்து காட்டுகிறேன்.