பில்லை நான்தான் கொடுத்தேன், அவர் முகம் ஏன் மாறியது?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று இரண்டு நாளாக என் மனதைவிட்டுப் போகவே இல்லை. மற்றதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு அதை முதலில் வாசிக்கிறேன்.

"ஐயா, எனக்குப் பிடித்த ஒரு பெண்ணை இரண்டாவது முறையாக ஓர் உணவகத்தில் சந்தித்தேன். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தோம். பில் வந்ததும் அவர் பர்ஸைத் திறந்தார். வேண்டாம் என்றேன். மறுபடி எடுத்தார், மறுபடி தடுத்தேன். மூன்றாவது முறை, பில்லை அவர் கைக்கு எட்டாமல் என் பக்கம் இழுத்துப் பணத்தைக் கட்டிவிட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. அதன் பிறகு பேச்சே குறைந்துவிட்டது. பணம் கொடுத்தது தப்பா?"

தம்பி, பணம் கொடுத்தது தப்பே இல்லை. மூன்றாவது தடவை தடுத்தீர்களே, இடறியது அங்கேதான். முதல் தடவை "இருக்கட்டும், நான் கொடுக்கிறேன்" என்று சொல்வது உபசாரம். இரண்டாம் தடவையும் பரவாயில்லை. சிலர் ஒரு மரியாதைக்குப் பர்ஸைத் தொடுவார்கள், நாம் சொன்னதும் வைத்துவிடுவார்கள். மூன்றாம் தடவையும் ஒருவர் பணத்தை எடுக்கிறார் என்றால் அது மரியாதைக்காக எடுப்பது இல்லை. தன் பங்கைத் தானே கொடுப்பது அவருக்கு முக்கியம். யாருக்கும் கடன்படாமல் வீட்டுக்குப் போக வேண்டும் என்று நினைக்கிறார். நீங்கள் பில்லை இழுத்துக்கொண்ட அந்த நொடியில் அவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "இவ்வளவு சின்ன விஷயத்தில் நான் மூன்று தடவை சொல்லியும் இவர் கேட்கவில்லையே, நாளைக்குப் பெரிய விஷயத்தில்?" அவர் இடத்தில் இருந்தால் எனக்கு அப்படித்தான் தோன்றும்.

விருந்தினரை உபசரிப்பது பற்றிப் பேசியபோது சொன்னதை மறுபடியும் சொல்கிறேன், பழைய நேயர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். எதிரே இருப்பவர் நிம்மதியாகச் சாப்பிட்டாரா? மேஜை நாகரிகம் என்பது அவ்வளவுதான். கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது, துணியை எப்படி மடித்து வைப்பது எல்லாம் அதற்குப் பிறகு.

சரி, பில்லுக்கு வருகிறேன். என் கருத்து இது: அழைத்தவர் கொடுப்பது இயல்பு. ஆனால் அதை அழைக்கும்போதே சொல்லிவிட வேண்டும். "வாருங்கள், இந்த முறை என் செலவு" என்று முன்கூட்டியே சொன்னால் அவர் யோசித்து, சரி என்றோ, இல்லை பகிர்ந்துகொள்வோம் என்றோ சொல்ல நேரம் இருக்கும். பில் வந்த பிறகு சர்வர் பக்கத்தில் நிற்கும்போது அந்தப் பேச்சை ஆரம்பித்தால் அது இழுபறியில்தான் முடியும்.

கல்லூரியில் படித்தபோது மாலை நேரங்களில் இரண்டு வருடம் நான் சர்வராக இருந்தேன். பில் கட்டாத மேஜைகள் எல்லாம் தலைக்குள் அப்படியே நிற்கும், யார் என்ன கேட்டார்கள், யாருக்கு என்ன இன்னும் வரவில்லை என்று. பணம் கட்டி எழுந்துவிட்டால் பத்து நிமிடத்தில் முகம்கூட மறந்துவிடும். பிறகுதான் ப்ளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் 1927ல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தேன். முடித்த வேலையைவிட, பாதியில் நிறுத்தப்பட்ட வேலை நினைவில் நன்றாக நிற்கிறது என்று அவர் கண்டார். எனக்கு அந்த மேஜைகள்தான் ஞாபகம் வந்தன. முதல் சந்திப்பில் "பில்லை யார் கொடுப்பது" என்பதும் முடியாத வேலைதான். மெனு கார்டைத் திறந்ததிலிருந்து இரண்டு பேர் மனதிலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். விலையைப் பார்த்துப் பார்த்து, பிடித்ததை விட்டுவிட்டுக் குறைந்த விலையில் எதையோ கேட்பார்கள். முன்பே பேசி முடித்துவிட்டால் சாப்பாட்டில் மனம் நிற்கும்.

பகிர்ந்துகொள்வது என்றால் உடனே பாதிப் பாதி என்று நினைக்காதீர்கள். 2004ல் வெளிவந்த ஓர் ஆய்வு, பில்லைச் சமமாகப் பிரிக்கப் போகிறோம் என்று தெரிந்தால் ஆட்கள் அதிகமாக ஆர்டர் செய்கிறார்கள் என்று காட்டியது. அதில் கொஞ்சமாகச் சாப்பிட்டவருக்குத்தான் நஷ்டம். அவர் ஒன்றே ஒன்று கேட்டார், நீங்கள் நான்கு கேட்டீர்கள் என்றால் பாதி கேட்பது நியாயமா? அவரவர் கேட்டதை அவரவர் கொடுக்கலாம். இல்லையென்றால் இன்று ஒருவர், அடுத்த முறை மற்றவர். எனக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும். "அடுத்த முறை நீங்கள்" என்பதில் மறுபடி சந்திக்க ஆசை என்ற செய்தியும் வற்புறுத்தல் இல்லாமல் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இடம் தேர்ந்தெடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. அடிக்கடி கேட்கிறீர்கள். இரண்டு மூன்று இடங்களைச் சொல்லி அவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். எதைச் சாப்பிட மாட்டார், எது உடம்புக்கு ஆகாது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். இரைச்சலான இடம் வேண்டாம். 1911லேயே எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதியிருக்கிறார்: சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துகிறான். உணவகத்தில் ஒரு மேஜை சத்தம் போட்டால் அடுத்த மேஜை அதைவிடச் சத்தம் போடும், அப்படியே ஏறிக்கொண்டே போகும். மெதுவாகச் சொல்ல வேண்டிய வார்த்தையைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தால் அதைச் சொல்லவே மாட்டோம், இல்லையா?

கைப்பேசி பற்றி நீட்ட வேண்டியதில்லை, பைக்குள் போடுங்கள். மேஜைமேல் கவிழ்த்து வைப்பதும் வேண்டாம். 2018ல் வந்த ஓர் ஆய்வில் 300க்கும் மேற்பட்டவர்களை நண்பர்களோடும் குடும்பத்தோடும் வெளியே சாப்பிட வைத்தார்கள். கைப்பேசி மேஜையில் இருந்தவர்களுக்குக் கவனம் அதிகம் சிதறியது, சாப்பாட்டு நேரம் அவ்வளவாக ரசிக்கவில்லை.

இப்போது தம்பி, நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் பில் வந்ததிலிருந்து எல்லாமே துல்லியமாக இருக்கிறது. அதற்கு முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்களே, அவர் தட்டில் என்ன இருந்தது? முழுதும் சாப்பிட்டாரா, மிச்சம் வைத்தாரா? நீங்கள் முடித்தபோது அவர் எங்கே இருந்தார்? கடிதத்தில் அது இல்லை. "எதிரே இருப்பவர் நிம்மதியாக இருக்கிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என்று நீங்கள் கேட்டிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும்.

தட்டைப் பாருங்கள். முகம் சிரிக்கும், தட்டு பொய் சொல்லாது. உணவைக் கரண்டியால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே இருந்தால் ஒன்று சாப்பாடு பிடிக்கவில்லை, இல்லையென்றால் பதற்றம். வாய்க்கு அருகே கொண்டுபோன கரண்டி அடிக்கடி தட்டுக்கே திரும்புகிறது என்றால் நீங்கள் கேள்வி கேட்டுக் கேட்டு அவரைச் சாப்பிடவே விடவில்லை என்று அர்த்தம். கேள்வி கேட்பது நல்லதுதான். 2017ல் ஒரு ஆய்வு, சில நிமிடச் சந்திப்புகளில், எதிராளி சொன்னதைத் தொடர்ந்து அடுத்த கேள்வி கேட்டவர்களுக்கே மறுபடி சந்திக்கும் வாய்ப்பு அதிகம் கிடைத்தது என்று சொல்கிறது. ஆனால் அவர் வாயில் உணவு இருக்கும்போது கேட்காதீர்கள். அந்த நேரத்தில் நீங்கள் பேசுங்கள், அவர் மெல்லட்டும்.

அப்புறம் வேகம். ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள் தங்களை அறியாமலே ஒருவர் வேகத்தை மற்றவர் பிடித்துக்கொள்கிறார்கள். 2012ல் முன்பின் அறியாத 70 ஜோடிப் பெண்களைச் சேர்ந்து சாப்பிட வைத்துக் கவனித்தபோது, ஒருவர் ஒரு வாய் எடுத்த சில நொடிகளில் மற்றவரும் எடுத்தது அடிக்கடி நடந்தது. நீங்கள் அவசரமாகச் சாப்பிட்டால் அவரையும் அவசரப்படுத்துகிறீர்கள்.

சர்வராக இருந்த நாட்களில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சன்னல் ஓர மேஜையில் ஒரு ஜோடி. பேச்சைக் கேட்டால் இரண்டாவது, மூன்றாவது சந்திப்பு போலத் தெரிந்தது. அந்தப் பெண் மெதுவாகச் சாப்பிடுகிறவர், நிறையப் பேசுகிறவரும்கூட. அவர் தட்டில் பாதிக்கு மேல் இருந்தது. அந்த இளைஞரின் தட்டில் இரண்டு வாய்தான் மிச்சம். நான் போய், "எடுக்கலாமா?" என்று கேட்டேன். நான் அப்போது வேலைக்குப் புதுசு. ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் தட்டை எடுக்கக் கூடாது, எடுத்தால் மிச்சமிருப்பவர் அவசரப்படுவார் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்த இளைஞர் தன் தட்டின் விளிம்பில் கையை வைத்து, "இல்லை, இன்னும் சாப்பிடுகிறேன்" என்றார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெண்ணின் பேச்சைக் கேட்க ஆரம்பித்தார். கால் மணி நேரம் அந்த இரண்டு வாய் அப்படியே ஆறிப்போய்க் கிடந்தது. கடைசியில் அந்தப் பெண் தன் தட்டை முடித்த பிறகு, அவரும் ஆறிய அந்த இரண்டு வாயை எடுத்துச் சாப்பிட்டார். இரண்டு தட்டையும் ஒன்றாகத்தான் எடுத்துப் போனேன். அந்தப் பெண் இதைக் கவனித்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது. அன்று பில்லை யார் கொடுத்தார்கள் என்பதும் ஞாபகம் இல்லை.

தம்பி, உங்கள் விஷயம் ஒன்றும் கைமீறிப் போய்விடவில்லை. ஒரு சின்னச் செய்தி அனுப்புங்கள். "அன்று மூன்று முறை சொன்னீர்கள், நான் கேட்காமல் விட்டேன், மன்னியுங்கள். மறுபடி சந்திக்க விருப்பம் இருந்தால் இடத்தையும் நேரத்தையும் நீங்களே சொல்லுங்கள்." இவ்வளவு போதும், காரணம் சொல்லி நீட்டாதீர்கள். பதில் வராவிட்டால் இரண்டாவது செய்தி அனுப்பாதீர்கள். இந்த முறையாவது அவர் சொல்லாமல் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பதில் வந்தால் எனக்கும் எழுதுங்கள், நானும் காத்திருக்கிறேன்.

சரி, அடுத்த கேள்வியை எடுக்கிறேன்.