தோட்ட ஹோஸில் தண்ணீர்த் துப்பாக்கி நிரப்பும் கருவி: காற்றுக்கும் வழி விடுங்கள்

வணக்கம், நேயர்களே. என் கையில் இருக்கும் இந்தக் கருவி ஒரு முழ நீளம்கூட இல்லை. ஒரு முனையில் தோட்ட ஹோஸை மாட்டும் மரை இருக்கிறது, நடுவில் கால் சுற்றில் திறந்து மூடும் பால் வால்வு (துளையிட்ட ஓர் உருண்டை உள்ளே திரும்பித் திறக்கும் வால்வு) இருக்கிறது, மறு முனையில் விரல் பருமனுள்ள பிளாஸ்டிக் குழல் நீண்டிருக்கிறது. 2 லிட்டர் கொள்ளும் தண்ணீர்த் துப்பாக்கியின் தொட்டியை இது எட்டு நொடியில் நிரப்பிவிடுகிறது. அதே தொட்டியைச் சமையலறைக் குழாயின் கீழே சாய்த்துப் பிடித்து நிரப்ப முயன்றவர்களுக்கு அந்த எட்டு நொடியின் அருமை தெரியும். தொட்டியின் வாய் குழாய்க்கு நேராக வராது, தண்ணீரில் பாதி முழங்கை வழியாக வழிந்துவிடும், அதற்குள் எதிரணி வாசல்வரை வந்து நின்றுவிடும்.

கருவியைச் செய்யும் விதத்தைச் சொல்வதற்கு முன்பு, நான் கெடுத்த தொட்டியைக் காட்டிவிடுகிறேன். இதோ, பக்கவாட்டில் ஒட்டு விட்டுப் பிளந்திருக்கிறது பாருங்கள். முதலில் நான் செய்த கருவியில் குழலைச் சுற்றி ஒரு ரப்பர் அடைப்பானைப் பொருத்தியிருந்தேன். ஒரு சொட்டும் வெளியே சிந்தாமல் முழு அழுத்தமும் தொட்டிக்குள் போனால் விரைவாக நிரம்பும் என்று கணக்குப் போட்டேன். தொட்டி பாதி நிறைந்ததும் தவளையின் தொண்டைபோல் உப்பியது; அடுத்த கணம் ஒட்டுப் பிரிந்து என் சட்டை முழுவதும் நனைந்தது.

நடந்தது மிக எளிய கணக்குதான். வெற்றுத் தொட்டி என்று நாம் சொல்வது உண்மையில் 2 லிட்டர் காற்று நிறைந்த தொட்டி. வாயை இறுக அடைத்துவிட்டு 1 லிட்டர் தண்ணீரை உள்ளே திணித்தால், அந்தக் காற்று முழுவதும் மீதி 1 லிட்டர் இடத்துக்குள் ஒடுங்க வேண்டும். இடம் பாதியானால் காற்றின் அழுத்தம் இரு மடங்காகும். அதாவது வெளியே இருப்பதைவிட உள்ளே ஏறத்தாழ 1 பார் அழுத்தம் (நம்மைச் சுற்றியுள்ள காற்றின் இயல்பான அழுத்தம் ஏறத்தாழ இவ்வளவுதான்) கூடிவிடுகிறது. 10 சென்டிமீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு பக்கச் சுவரின்மீது அது சுமார் 150 கிலோ எடையை ஏற்றி வைப்பதற்குச் சமம். தண்ணீரைத் தேக்கி வைப்பதற்காக மட்டுமே வார்க்கப்பட்ட மெல்லிய பிளாஸ்டிக் அதைத் தாங்காது. அது தாங்கியிருந்தாலும் எனக்குப் பயன் இருந்திருக்காது. குழாயில் வெளிக்காற்றைவிட 3 பார் அழுத்தம் கூடுதலாக இருந்தால், அதாவது மொத்தம் 4 பார் இருந்தால், காற்று கால் பங்காக ஒடுங்கியதும் வரத்து நின்றுவிடும், தொட்டி முக்கால் பங்குக்கு மேல் ஒருபோதும் நிறையாது.

ஆகவே, இந்தக் கருவியில் நாம் தீர்க்க வேண்டிய சிக்கல் காற்றை எப்படி வெளியே அனுப்புவது என்பதுதான். தண்ணீர் தானாக உள்ளே போய்விடும்.

என் தொட்டியின் வாய் 30 மில்லிமீட்டர் விட்டம் உடையது. அதற்குள் நுழையும் குழலின் வெளி விட்டம் 12 மில்லிமீட்டர், உள் விட்டம் 9 மில்லிமீட்டர். குழல் தொட்டியின் அடிவரை எட்ட வேண்டும். தண்ணீர் அடியிலிருந்து அமைதியாக ஏறும், காற்று மேல்வழியாகத் தன் பாட்டுக்கு வெளியேறும், இரண்டும் ஒரே வழியில் முட்டிக்கொண்டு களுக் களுக் என்று சண்டையிடாது. குழலின் நுனியைக் கத்தியால் சாய்வாக வெட்டிவிடுங்கள். நேராக வெட்டினால் நுனி தொட்டியின் அடியில் பதிந்து தானே அடைத்துக்கொள்ளும்.

மெல்லிய குழல் போதாதா என்று கேட்கலாம். என் ஹோஸ் 10 லிட்டர் வாளியை 40 நொடியில் நிரப்புகிறது, அதாவது நொடிக்குக் கால் லிட்டர். அந்தக் கால் லிட்டர் 9 மில்லிமீட்டர் குழல் வழியாக நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் நிதானமாக ஓடுகிறது. குழலின் உள் விட்டம் 4 மில்லிமீட்டராக இருந்தால், அதே அளவு நீர் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் பாய வேண்டும். அந்த வேகத்தை உண்டாக்க மட்டுமே 2 பார் செலவாகிவிடும், வரத்து சுருங்கிவிடும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து தண்ணீர் வரும் வீடுகளில் இது இன்னும் முக்கியம். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் என்பது கணக்கு. மொட்டைமாடித் தொட்டி 6 மீட்டர் உயரத்தில் இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது 0.6 பார்தான். அங்கே வழியை எவ்வளவு அகலமாக வைக்கிறோமோ அவ்வளவு நல்லது.

இப்போது மூடிக்கு வருகிறேன். குழலை மட்டும் வாயில் நுழைத்தால் நிரம்பும் தறுவாயில் தண்ணீர் முகத்தில் அடிக்கிறது. அதனால் ஒரு பிளாஸ்டிக் மூடியின் நடுவில் குழலை நுழைத்து, மேலே ஒரு ஹோஸ் கிளிப் போட்டு நிறுத்தினேன். காற்று வெளியேற, மூடியில் 5 மில்லிமீட்டர் விட்டத்தில் இரண்டே துளைகளை இட்டேன். காற்று தண்ணீரைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தி குறைந்தது. அது சிறு துளை வழியாகவும் சிரமமின்றிப் போய்விடும் என்று நினைத்தது சரிதான். ஆனால் தொட்டி நிறைந்த பிறகு, நான் வால்வை மூடும் அந்த ஒரு நொடியில், அதே துளைகள் வழியாகக் காற்றுக்குப் பதிலாகத் தண்ணீர் அல்லவா வெளியேற வேண்டியிருக்கிறது? கால் லிட்டர் நீர் இரண்டு துளைகளில் பிதுங்கி வெளியேறும்போது, மூடியைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தால், உள்ளே அரை பாருக்கும் மேல் அழுத்தம் சேரும். இரண்டாவது தொட்டியும் உப்பத் தொடங்கியபோதுதான் இது எனக்கு உறைத்தது. துளைகளை ஐந்தாக்கினேன், மொத்தப் பரப்பு 98 சதுர மில்லிமீட்டர் ஆகிவிட்டது, குழலின் 64 சதுர மில்லிமீட்டரைவிட அதிகம். இப்போது கவனமின்றி வால்வைத் தாமதமாக மூடினாலும் உள்ளே 0.1 பாருக்கு மேல் ஏறுவதில்லை. உங்கள் தொட்டியின் வாய் எந்த அளவில் இருந்தாலும் இந்த ஒப்பீட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள்: வெளியேறும் வழி உள்ளே வரும் வழியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

இணைப்பு வேலையில் பலரும் தடுமாறுவது மரையில். பார்ப்பதற்கு இரண்டும் முக்கால் அங்குலம் என்றே சொல்வார்கள். ஆனால் அமெரிக்கத் தோட்ட ஹோஸ் மரையில் ஓர் அங்குலத்துக்கு 11.5 மரைகளும், பிரிட்டிஷ் குழாய் மரையில் 14 மரைகளும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து முறுக்கினால் முதல் ஒன்றிரண்டு சுற்று ஏறுவதுபோல் ஏறி, பிறகு மரை தின்றுவிடும். வாங்குவதற்கு முன் ஒன்றோடொன்றை விரலால் முறுக்கிப் பாருங்கள். ஸ்பேனர் எடுக்காமல் கடைசிவரை ஏற வேண்டும். ஹோஸ் முனையில் கசிவைத் தடுப்பது உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர்தான், மரை அல்ல. அங்கே டெஃப்லான் டேப்பை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் பயனில்லை, வாஷரை மாற்றுங்கள். வால்வில் கூம்பு மரை (நுனியை நோக்கிக் குறுகும் மரை) இருந்தால் அங்கேதான் டேப் தேவை. மரையின் முனை உங்களைப் பார்க்குமாறு பிடித்து, கடிகாரம் சுற்றும் திசையில் மூன்று நான்கு சுற்றுச் சுற்றினால் போதும்.

பால் வால்வின் கைப்பிடியைப் படாரென்று மூடாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீர் திடீரென்று நிற்கும்போது அதன் வேகம் முழுவதும் அழுத்தமாக மாறிக் குழாயில் அறைகிறது. உலோகக் குழாயில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீரை ஒரே கணத்தில் நிறுத்தினால் 10 பாருக்கு மேல் அழுத்தம் எழும். ரப்பர் ஹோஸ் சற்று விரிந்துகொடுத்து அந்த அறையை வாங்கிக்கொள்கிறது என்றாலும், சுவருக்குள் ஓடும் குழாய்களுக்கு அந்தக் குணம் கிடையாது. ஒரு நொடி எடுத்துக்கொண்டு மூடுங்கள்.

குழலின் நுனி தொட்டித் தண்ணீரில் மூழ்கியிருக்கும்போது பிரதானக் குழாயில் அழுத்தம் போய்விட்டால், தொட்டியில் இருப்பதைக் குழாய் உறிஞ்சி வீட்டின் குடிநீர் வரிசைக்குள் இழுத்துக்கொள்ளக்கூடும். அதற்காக, ஹோஸ் குழாயுடன் சேரும் இடத்தில் ஓர் ஒற்றைவழி வால்வு வைத்திருக்கிறேன். சின்னஞ்சிறு பொருள், இதை மட்டும் தவிர்த்துவிட்டுக் கருவி செய்யாதீர்கள்.

அழுத்தத்தையே நேராக ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகளைப் பற்றியும் கேள்வி வரும். லானி ஜான்சன் என்ற பொறியாளர் 1982-இல் தண்ணீரில் இயங்கும் வெப்பப் பம்பு ஒன்றைச் சோதித்தபோது, குளியலறையில் பீய்ச்சியடித்த நீரைப் பார்த்துத் தண்ணீர்த் துப்பாக்கியைக் கற்பனை செய்தார். அது 1990-இல் விற்பனைக்கு வந்து, அடுத்த ஆண்டு சூப்பர் சோக்கர் என்று பெயர் மாறியது. காற்றை அடித்து ஏற்றும் அந்த முறைக்குப் பிறகு, ரப்பர் பையை விரித்து அழுத்தம் சேர்க்கும் துப்பாக்கிகள் வந்தன. அவற்றில் சில, ஹோஸை நேராக மாட்டி அந்தப் பையையே நிரப்பும்படி அமைந்தவை. அத்தகைய துப்பாக்கிக்கு அதனுடன் வரும் இணைப்பானையே பயன்படுத்துங்கள். இந்தக் கருவியை வைத்து வேறு எந்தத் துப்பாக்கியின் அழுத்த அறையையும் நிரப்ப முயலாதீர்கள். குறிப்பாக, பிவிசி குழாயை அடைத்து அழுத்த அறையாக்கிய துப்பாக்கிகளில், காற்று ஒடுங்கியிருக்கும் நிலையில் அது உடைந்தால் கூரிய சில்லுகளாகத் தெறிக்கும். அந்த விளையாட்டில் எனக்குத் துளியும் விருப்பமில்லை.

இப்போது திறக்கிறேன். முதலில் வெளியே வருவது வெயிலில் கிடந்த ஹோஸின் தண்ணீர். கை வைத்தால் சுடும். அதைச் சிறிது நேரம் செடிப்பக்கம் விட்டுவிட்டு, குளிர்ந்த பிறகே குழலைத் தொட்டிக்குள் விடுங்கள். மூடியை அழுத்தாமல் லேசாக வைத்தால் போதும். ஒன்று, இரண்டு, மூன்று... துளைகளில் காற்று சீறுவது கேட்கிறதா? ஏழு, எட்டு. சீற்றம் நின்று தண்ணீர் எட்டிப்பார்த்தது, வால்வை மெல்ல மூடிவிட்டேன்.

விளையாட்டு முடிந்ததும் சுவரோரக் குழாயை மூடிவிட்டு, அதன் பிறகு கருவியின் வால்வைத் திறந்து ஹோஸில் மிச்சமிருக்கும் அழுத்தத்தை வெளியேற்றுங்கள். முனை மூடிய ஹோஸை முழு அழுத்தத்தோடு வெயிலில் விட்டுவைத்தால் இணைப்பு கழன்றுகொள்ளக்கூடும். நான் இதைக் கழற்றி, குழல் கீழே பார்க்கும்படி ஆணியில் தொங்கவிடுகிறேன். உள்ளிருக்கும் நீர் தானாக வடிந்துவிடும்.