சண்டை அப்பாவோடு, பாட்டியோடு இல்லை

நடுவர் அவர்களே, "ஹங்கேரியின் நவீன இசை மரபை உடைத்துத்தான் பிறந்தது" என்று எதிரணித் தம்பி முழங்கிவிட்டுப் போனார், கைதட்டலும் நன்றாகவே விழுந்தது. சரி, எந்த மரபை உடைத்தார்கள் தம்பி? அதைச் சொல்லவே இல்லையே!

1904 ஜனவரியில் புடாபெஸ்டில் ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கின் 'கொஷுத்' என்ற வாத்தியக்குழுப் படைப்பு அரங்கேறியது. பேர்தான் ஹங்கேரிய வீரனுடையது, வாத்தியக்கட்டில் ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் வாடை தூக்கலாக அடிக்கும். அதே வருடக் கோடையில் பார்டோக் ஒரு கிராமத்தில் தங்கியிருக்கிறார், வயது 23. அங்கே குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த திரான்சில்வேனியாப் பெண் லிதி தோஷா, சிவப்பு ஆப்பிள் சேற்றில் விழுந்த கதையைப் பாட்டாகப் பாடுகிறாள், இவர் அதை எழுதி எடுக்கிறார். அப்புறம் இன்னொரு இசையமைப்பாளர் கோடாயும் சேர்ந்துகொள்ள, இரண்டு பேரும் பாட்டைப் பதிவு செய்யும் ஃபோனோகிராஃபையும் மெழுகு உருளைகளையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார்கள். நகரத்து ஆட்கள் காபிக் கடை ஜிப்சி வாத்தியத்தையே ஹங்கேரிய இசை என்று கொண்டாடிக்கொண்டிருந்த காலம் அது. அது ஜிப்சிகளின் படைப்பே என்று சொன்ன, முந்தைய தலைமுறை இசையமைப்பாளர் லிஸ்ட்டின் 1859ஆம் ஆண்டுப் புத்தகமும் அதற்கு ஒரு காரணம்.

கிராமத்தில் கிடைத்தது வேறு: ஐந்தே சுரத்தில், மேலே தொடங்கிக் கீழே இறங்கும் பழைய பாட்டுகள். மேஜர், மைனர் என்ற மேற்கத்திய சுர வரிசைகளின் பிடியிலிருந்து தன்னை விடுவித்ததே இந்தப் பாட்டுகள்தான் என்று பார்டோக்கே எழுதியிருக்கிறார். அதாவது, உங்கள் நவீனத்தின் கதவைத் திறந்துவிட்டவள் கிழவி! அவர் சண்டை போட்டது நகரத்து அப்பா தலைமுறையோடு, கிராமத்துப் பாட்டியோடு இல்லை.

அடுத்த தலைமுறை இசையமைப்பாளர் லிகெட்டி, 1956இல் சோவியத் டாங்கிகள் வந்ததும் நாட்டைவிட்டே ஓடினாரே, அவர் மரபை அறுக்கவில்லையா என்று கேட்டார்கள். நல்ல கேள்விதான். ஆனால் ஓடுவதற்கு முன்பே அவர் எழுதிய 'மியூசிகா ரிசெர்காட்டா' என்ற பியானோப் படைப்பைப் பாருங்கள். முதல் பகுதி முழுக்க 'ஏ' என்ற ஒரே சுரம், பல ஸ்தாயிகளில், கடைசியில் மட்டும் 'டி' வந்து விழும். இதைவிடத் துணிச்சல் வேண்டுமா? அதே படைப்பின் ஒன்பதாம் பகுதி பார்டோக்கின் நினைவுக்கு!

மணி அடித்துவிட்டார்கள், இன்னொரு ஹங்கேரிய இசையமைப்பாளர் கூர்டாக்கை மட்டும் சொல்லிவிட்டு இறங்குகிறேன். 92 வயதில் மிலானில் தன் முதல் ஓபராவை, அதாவது இசை நாடகத்தை, அரங்கேற்றியவர், நீங்களே நவீனர் என்று பட்டம் கொடுத்தவர். அவரும் 2019இல் காலமான அவர் மனைவி மார்த்தாவும், வீட்டில் சுவரோரம் நிற்கும் மாதிரியான சின்னப் பியானோவில், சத்தத்தை அமுக்கிவைத்து, அவருடைய குட்டிக் குட்டித் துண்டுகளை வாசித்து வந்தார்கள். நடுநடுவே, பழைய ஜெர்மன் மேதை பாக்கின் இசை. நான்கு கைகளில், அவரே மாற்றி எழுதிய பாக்.